இரண்டு பாட்டுக்கு நடுவில்

ஜூன் 3, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டா இன்று எனக்கும் சேர்த்து வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தினமும் என்ன பேசினார், என்ன பேசப் பார்த்தார் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்தில் படுத்தி எடுத்த பாவம் சும்மா விடுமா?

தனியாக நோட்டு வாங்கவில்லை. அவருடைய டைரியே கிடக்கிறது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருஷா வருஷம் யாரிடமாவது சொல்லி ஒரு டைரி வாங்கிவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு வரி. 'காருக்கு ஆயில் மாற்றியது.' 'மழை இல்லை.' கடைசி வரி ஏப்ரல் 20: 'நாளை சங்கரன்கோவில் கல்யாணம். நாலு மணிக்கு எழ வேண்டும்.' அதற்கு மேல் வெள்ளைத்தாள். மறுநாள்தான் மூளையில் அடைப்பு வந்து பேச்சு போனது. வலது கையும் பாதி போனது. நடக்கிறார், சாப்பிடுகிறார், நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. திரும்பிச் சொல்லத்தான் ஒரு வார்த்தை இல்லை.

திங்கள், புதன், வெள்ளி திருநெல்வேலிக்குப் பயிற்சிக்குப் போகிறோம். கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரம். நான்தான் ஓட்டுகிறேன். ஐம்பது வயதில் நான் கார் கற்றுக்கொண்டபோது ஊர் பூராவும் சொல்லிச் சிரித்த மனிதர் இப்போது பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வருகிறார்.

இன்று பேசியது: ஒன்றுமில்லை.

ஜூன் 5, புதன்

பெனிட்டா என் போட்டோவைக் காட்டி, இவங்க பேர் என்ன என்று கேட்டாள். அவர் பார்த்தார், வாயைக் குவித்தார், வேர்த்தார், தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். அவள் தாளில் ஒரு முட்டை போட்டாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த மனிதர் முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் என்னைச் சண்முகக்கனி என்று கூப்பிட்டதில்லை. 'ஏளா'தான். கடைத்தெருவிலும் 'ஏளா', ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாலும் 'ஏளா'. வராத பெயரை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? ஆனால் சின்னப் பெண் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முட்டையோடு வந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது யாருடைய செல்போனோ ஒரு பழைய பாட்டில் அடித்தது. இவர் அதோடு சேர்ந்து ஒரு வரியைப் பாடினார். முழு வரி. ஒரு எழுத்து பிசகவில்லை. பெனிட்டாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை. பேச்சு மூளையில் ஒரு பக்கம் இருக்கிறதாம், பாட்டுக்கு மறுபக்கமும் துணை இருக்கிறதாம். சிலருக்குப் பாட்டு வழியாகவே பேச்சு திரும்பும், சிலருக்குப் பாட்டோடு நின்றுவிடும் என்றாள். அவருக்குப் பழகின பாட்டுகளைத் தினமும் போட்டுக் காட்டச் சொன்னாள்.

இன்று பேசியது: ஒரு வரி. பாடியது என்றுதான் எழுத வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

அவருடைய பாட்டுப் பெட்டியைத் தேடி எடுத்தேன். பெட்டி என்று நான்தான் சொல்வேன், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன் மகள் சங்கரி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அவர் கேசட்டில் சேர்த்து வைத்திருந்த பாட்டையெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து இதில் ஏற்றினார். அறுநூற்றுச் சொச்சம் பாட்டு, அவர் வைத்த வரிசையிலேயே.

காதில் மாட்டினால் பிடுங்கி எறிகிறார். செல்போனில் வேறு பாட்டு போட்டால் முகத்தைத் திருப்புகிறார். கடைசியில் இடது கையால் சுவரில் தொங்கும் கார் சாவியைக் காட்டினார். சரிதான். வீட்டில் அவர் என்றைக்குப் பாடினார்? காரில் ஏறினால்தான் பாடுவார்.

காரில் உட்காரவைத்து, மேஜை டிராயரில் இருந்த புது வயரை எடுத்துப் பெட்டியில் ஒரு முனையைச் செருகினேன். மறுமுனை காரின் ஸ்டீரியோவில் போகவில்லை. துளைக்குள் ஏதோ அடைத்திருக்கிறது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வயர் விஷயமெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவரால் சொல்ல முடியாது. எனக்கு வாய் இருக்கிறது, ஒன்றும் தெரியாது.

ஜூன் 8, சனி

பெருநாள் முடிந்து இன்றுதான் காசிம் கடை திறந்தான். கார் ஸ்டீரியோ வேலை அவனை விட்டால் ஊரில் ஆள் இல்லை. அவன் அக்கா என்னிடம் படித்தவள், அதனால் எனக்கு மரியாதை உண்டு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வயரின் பின் முறிந்து கிடக்கிறது, யாரோ வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள் என்றான். யார் இழுத்தது டீச்சர் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

ஸ்டீரியோவைக் கழற்றிப் பார்க்க ஒரு நாள் வேண்டுமாம், அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னான். அதுவரைக்கும் ஒரு குமிழ் கொடுத்தான். சிகரெட் பற்றவைக்கிற துளையில் அதைச் செருகி, பெட்டியை அதோடு சேர்த்துவிட்டால் பாட்டை அது ரேடியோவுக்கு அனுப்புமாம். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து ரேடியோவை வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வீட்டில்தான் இருந்தார். கடைக்கு வராததே நல்லது.

ஜூன் 10, திங்கள்

ஊருக்குள் கரகரவென்று ஒன்றும் சரியில்லை. நாற்கரச் சாலையில் ஏறி, கயத்தாறு தாண்டியதும் பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாவது பாட்டில் அவர் வாய் திறந்தது. நாலாவது பாட்டை முழுக்கப் பாடினார். லாரிக்காரன் ஹாரன் அடித்து என்னைத் திட்டிக்கொண்டு போனான். போகட்டும்.

கேசட்டிலிருந்து ஏற்றியதால் இரண்டு பாட்டுக்கு நடுவில் நாலைந்து விநாடி ஒன்றும் கேட்காது. முன்பெல்லாம் அந்த இடைவெளியில் அடுத்த பாட்டை இவரே தொடங்கிவிடுவார். பாட்டு பிறகுதான் வந்து இவரோடு சேர்ந்துகொள்ளும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. இப்போது இடைவெளி வந்தால் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். அடுத்த பாட்டு வந்து கை கொடுத்தால்தான் வார்த்தை வருகிறது. அந்த நாலைந்து விநாடியும் நான் ரோட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

தாழையூத்து வந்ததும் எவளோ ஒருத்தி நகைக்கடை விளம்பரத்தோடு நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாட்டு அறுந்தது. அவர் பாதி வார்த்தையில் நின்றுபோனார். மீதி வார்த்தையை வாய்க்குள் தேடுவது தெரிந்தது. கிடைக்கவில்லை. குழந்தை மாதிரி அழுதார்.

ஜூன் 12, புதன்

அதே. தாழையூத்தில் போய்விட்டது. அவர் அழுதார். நான் அழவில்லை, வண்டி ஓட்ட வேண்டுமே.

ஜூன் 13, வியாழன்

பெங்களூரிலிருந்து சங்கரி கூப்பிட்டாள். அவளோடு வேலை பார்க்கிறவளின் அண்ணன் நரம்பு டாக்டராம். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோயிருந்தால் ஊசி போட்டு அடைப்பைக் கரைத்திருக்கலாம் என்று அவர் சொன்னாராம். அன்றைக்கு அப்பா எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொன்னேன். கல்யாணத்திலிருந்து வந்து ஒன்பதரைக்குப் படுத்தார், இரண்டே காலுக்குச் சாப்பிட எழுப்பினபோது விழுந்தார்.

"அப்பா பகல்ல தூங்கவே மாட்டாங்களேம்மா," என்றாள்.

விடியுமுன் எழுந்த அலுப்பு என்றேன். பாலைப் பொங்கவிட்டுவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 15, சனி

இன்று அவரையும் காசிம் கடைக்குக் கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. ஸ்டீரியோவைக் கழற்றிய பிறகும் பின் வரவில்லை. காசிம் ஒரு விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் பசையைத் தொட்டு உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்று, மெதுவாக இழுத்தான். வந்துவிட்டது. மிளகு அளவுகூட இல்லாத ஒரு தங்க நிறத் துணுக்கு. அவன் சிரித்துக்கொண்டே அதை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தான்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வீடு வரும்வரை கையை விரிக்கவில்லை.

இழுத்தது நான்தான்.

கல்யாணத்திலிருந்து திரும்பும் வழி. என் அண்ணன் சம்சாரம் பந்தியில் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், அந்த எரிச்சல். இவர் அந்த இடைவெளியில் அடுத்த பாட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வாயை மூடிட்டு ஓட்டுங்களேன்" என்று கத்தினேன். கத்தினது போதாதென்று வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். பின் முறிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

பெனிட்டாவிடம் இந்த டைரியை எப்படிக் காட்டுவது? வேறு தாளில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஜூன் 17, திங்கள்

வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை பாட்டு அறவில்லை. தாழையூத்தில் நகைக்கடைக்காரி வரவில்லை. ஏழு பாட்டு பாடினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது.

திரும்பும்போது கயத்தாறு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினேன். பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய், சங்கரியிடம் சொன்னதும் பொய், நீங்கள் தூங்கவே இல்லை என்று.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அவர் பேச மாட்டார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு தடவை சங்கரி பரீட்சை நேரத்தில் பதினோரு நாள். நானும் போய்ப் பேச மாட்டேன். அப்படியே பழகிவிட்டோம். அன்றைக்கும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், பேசவில்லை. ரோஷம் என்று விட்டுவிட்டேன். காபி கொண்டுபோய் நீட்டினேன். இடது கையை நீட்டினார். பெண்டாட்டி கொடுக்கிற காபியை இடது கையால் வாங்குகிற அளவுக்குத் திமிரா என்று, டம்ளரைக் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் டங்கென்று வைத்துவிட்டு வந்தேன். 'பேசாட்டி போங்க, யாருக்கு நஷ்டம்' என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் துணி துவைத்தேன், குழம்பு வைத்தேன், டிவி பார்த்தேன். காபி ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டே காலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் எழுந்து விழும்வரை, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். எந்த நிமிஷத்தில் கோபம் முடிந்து நோய் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னேன். முடித்துவிட்டுத் திரும்பினால், அவர் இடது கையை நீட்டி ஸ்டீரியோவை அணைத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி பன்னிரண்டு இருபது. மணி பார்க்கிற பழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு முனகல்கூட இல்லை. மதியம் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் விழுங்கினார்.

ஜூன் 18, செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் காபி கொடுத்தேன். வாங்கவில்லை. சிரிங்க என்றேன். பெனிட்டா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சிரிக்கவில்லை. கையைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். 'கோவம்னா அப்புறம் கோவிச்சுக்கிடுங்க, இப்ப ஒரே ஒரு தடவை சிரிங்க' என்று காலைப் பிடித்தேன். அசையவில்லை.

கோபமா, மறுபடியும் அதுவா? பயந்து செத்தேன். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஏழே காலுக்குத் திருநெல்வேலியில் இருந்தேன்.

ஏப்ரலில் பார்த்த அதே டாக்டர். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நேற்றுப் பகல் பன்னிரண்டு இருபதிலிருந்து என்றேன். இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்களே, அப்போது என்ன நடந்தது என்றார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. நர்ஸ் இருந்தாள், இரண்டு மாணவர்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே ஏப்ரல் கதை முழுவதையும் சொன்னேன். டாக்டர் பழைய கேஸ் தாளில் எதையோ அடித்து எழுதினார். பிறகு ஸ்கேனுக்கு அனுப்பினார்.

பதினொரு மணிக்கு ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"புதுசா ஒண்ணும் இல்லம்மா. சார் கோவமா இருக்காரு, அவ்வளவுதான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் என் வாய் நிற்கவில்லை. மன்னிச்சிருங்க என்றேன், எனக்குத் தெரியாதே என்றேன், இடது கையைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும், நான் என்ன படித்து என்ன பிரயோஜனம் என்றேன். சொன்னதையே சொன்னேன். தாழையூத்து போய், கங்கைகொண்டான் போய், கயத்தாறும் வந்துவிட்டது. அழுகையில் ரோடு தெரியவில்லை.

"வாய மூடு."

யாரோ பின் சீட்டிலிருந்து சொன்ன மாதிரி இருந்தது. காரை ஓரம் கட்டினேன். அவர்தான். பாட்டு ஓடவில்லை. எதுவும் கைகொடுக்கவில்லை. தானாகச் சொன்னார். சொல்லிவிட்டு இடது கையால் வயரை எடுத்தார். துளையில் வைக்க நாலு தடவை தடுமாறினார். நான் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஐந்தாவது தடவை உள்ளே போனது. பாட்டு வந்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தாறு வருஷத்தில் என்னை அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

இன்று பேசியது: வாய மூடு.

ஜூன் 19, புதன்

பெனிட்டாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு வார்த்தை, தெளிவாக, பாட்டு இல்லாமல் என்று. அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அம்மா, திட்டுற வார்த்தை, சாமி பேரு, இதெல்லாம் சில நேரம் தானா வெளிய வந்துரும். அவங்க நெனச்சுத்தான் சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. ரொம்ப ஆசைப்பட்டுராதீங்க."

தாளில் 'தானாக வந்த சொல்: ஒன்று' என்று எழுதினாள். பிறகு மறுபடி என் போட்டோவைக் காட்டினாள். மறுபடி முட்டை. இந்தத் தடவை சொல்லிவிட்டேன், இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏளா'தான் என்று. அவள் சிரிக்கவில்லை. 'ஏ...' என்று தொடங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அதுவும் வரவில்லை.

அப்படியானால் நேற்று என்னைத் திட்டினாரா, மன்னித்தாரா, இல்லை வெறும் தும்மல் மாதிரி வந்ததா? கேட்டாலும் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

சங்கரியிடம் சொன்னேன். போனில் சத்தமே இல்லை. முன்பானால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். "இருக்கியா?" என்று கேட்டேன். "இருக்கேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

சங்கரி நாலு நாளாகக் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். அப்பா சாப்பிட்டாங்களா என்று கேட்டாள். சாப்பிட்டார் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். நாளைக்கும் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன்.

பாட்டு: ஆறு. பேசியது: ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

காபியை இடது கையால் வாங்கிக் குடித்தார். இதை பெனிட்டாவின் தாளில் எழுத இடமில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 1, திங்கள்

பெனிட்டா இனி வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அர்த்தம் தெரியும். பாட்டோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு என்று முதலிலேயே சொன்னவள்தானே. மனசு வலித்தது. நல்ல பெண், என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

திரும்பும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர் பாடிக்கொண்டு வந்தார். பாட்டு முடிந்தது, இடைவெளி வந்தது. நான் வழக்கம்போல ரோட்டை விட்டு அவர் பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு இடைவெளியிலும் பார்க்கிறேன், வாய் கோணுகிறதா, கண் நிலைகுத்துகிறதா, இருக்கிறாரா என்று. என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அவர் இடது கையால் என் தாடையைப் பிடித்து முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

அடுத்த பாட்டு வந்தது, பாடினார். அதுவும் முடிந்தது. மறுபடி அந்த இடைவெளி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். ஒரு விநாடி. இரண்டு விநாடி.

டக், டக் என்று கேட்டது. அவர் இடது கை விரலால் டேஷ்போர்டில் தட்டிக்கொண்டிருந்தார். தாளமெல்லாம் இல்லை. சும்மா தட்டினார். அடுத்த பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிட்டுப் பாடினார். அது முடிந்ததும் மறுபடி தட்டினார்.

அவர் என் முகத்தைத் திருப்பிவிட்டதிலிருந்து கோவில்பட்டி வரை பதினோரு பாட்டு. நடுவில் பத்து இடைவெளி. பத்திலும் தட்டினார். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.